ஏழாம் தொட்டியோடு பேச்சுவார்த்தை இல்லை

திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு பாகு ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவெடுத்து, அதைக் காய்ச்சிப் பாகாக்கி பிஸ்கட் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அந்த ஆலையின் கண்ட்ரோல் ரூமில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருமே புத்திசாலிகள். இதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

அர்த்தனாரி ஷிப்டுக்குத் தலைவன். காளியண்ணன் அவன் சொன்னதைச் செய்பவன். ரத்தினாம்பாள் இருவருக்கும் மூத்தவள். யோசிக்க வேண்டிய வேலைகளையெல்லாம் அவளிடம் விட்டிருந்தார்கள்.

ஏசி போட்ட அறை. சுவர் முழுக்கத் திரைகள். தொட்டியில் பாகு ஏறினாலும் இறங்கினாலும், கொதிகலன் சூடானாலும் ஆறினாலும், பின்கதவை யாராவது திறந்தாலும் மூடினாலும் அங்கே அலாரம் அடிக்கும். கீங் என்று அடிக்கும். அதிலும் ஏழாம் தொட்டி இருக்கிறதே, அதற்குப் பாகின் மேல் நுரை கட்டினாலே போதும். நுரை எழும்பினால் கீங். அடங்கினால் நிற்கும். மறுபடி எழும்பினால் மறுபடி கீங். ஷிப்ட் முடியும்வரை அதுதான். மூவரும் பழகிவிட்டார்கள். எப்போதாவது சற்று நேரம் அடிக்காமல் இருந்தால் மட்டும் பதறி எழுந்து, என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள்.

மேனேஜர் குழந்தைவேலுவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நின்றார்.

"நெசமாவே ஆபத்து வந்தா இந்தக் கூச்சல்ல உங்களுக்கு எப்படிய்யா தெரியும்? வெள்ளிக்கிழமைக்குள்ள அலாரம் குறையணும். இல்லேன்னா மூணு பேரும் திப்பிக் களம்தான்."

திப்பி என்பது கிழங்கில் மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். அந்த வாசனையை விவரிக்க வேண்டியதில்லை. களத்து ஆள் ஒருவர் டவுன் பஸ்ஸில் ஏறினால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் ஒரு முழு சீட்டு அவருக்கே கிடைக்கும்.

அர்த்தனாரியின் முகம் விழுந்துவிட்டது. அவனுக்கு ராசிபுரத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் தமயந்தி. அவனுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்ததாகத் தகவல். மாப்பிள்ளைக்கு ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம் என்று தரகர் சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பா மாரப்பர் எதையும் லேசில் நம்பாதவர். வேலை பார்க்கிற இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுவேன், வெள்ளிக்கிழமை ஆலைக்கே வருகிறேன் என்றுவிட்டார்.

"திப்பிக்குள்ள நின்னுக்கிட்டா அவரை வாங்க மாமான்னு கூப்பிடறது?" என்றான் அர்த்தனாரி.

"வெசனப்படாதீங்ணா," என்றான் காளியண்ணன். "குறைக்கச் சொன்னா குறைச்சுப்போட்டாப் போச்சு."

எழுந்து போய் அலாரப் பெட்டியின் மேல் தன் துண்டைச் சுற்றினான். சத்தம் பாதியானது. அர்த்தனாரியின் துண்டையும் வாங்கிச் சுற்றினான். சுத்தமாக நின்றது.

கொஞ்ச நேரம் மூவரும் அமைதியை அனுபவித்தார்கள். பிறகு ரத்தினாம்பாள் யோசித்தாள்.

"ஏந் தம்பி, இப்ப அது அடிக்குதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆகவே அவளே துண்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அடிக்குது," என்று உள்ளேயிருந்து கத்தினாள். "நின்னுபோச்சு. அடிக்குது. நின்னுபோச்சு." மத்தியானத்துக்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காளியண்ணன் அந்த இடத்துக்கு வந்தான். அவனுக்கு இன்னும் பெரிய குரல்.

மறுநாள் மேனேஜர் சென்னையிலிருந்து டோமினிக் என்ற இன்ஜினியரை வரவழைத்தார். வீணாக அடிக்கும் அலாரங்களைக் குறைத்துக் கொடுப்பதே அவருடைய தொழில். மேனேஜர் அவரைத் தனியே அழைத்து, "இங்கிலீஷ்ல சொன்னீங்கன்னா இவங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்க. நல்ல தமிழ்ல சொல்லுங்க," என்று எச்சரித்தார்.

டோமினிக் ஏழாம் தொட்டியின் திரையைச் சற்று நேரம் பார்த்தார்.

"பிரச்சனை சின்னதுதான். இதுக்கு எல்லையை ரொம்பக் கீழ வெச்சிருக்காங்க. எல்லையைக் கொஞ்சம் கூட்டுங்க, சரியாயிடும்," என்று நல்ல தமிழில் சொன்னார். ஈரோட்டில் இன்னோர் ஆலை காத்திருந்ததால், போனில் பேசுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"எல்லையைக் கூட்டச் சொல்லிட்டாரு. எந்த எல்லைங்க்கா?" என்றான் காளியண்ணன்.

"ஆலைக்கு எல்லைன்னா காம்பவுண்டுச் சுவருதான் தம்பி."

"ஏழாம் தொட்டிக்குன்னு சொன்னாருங்களே?"

"ஏழாம் தொட்டி எங்க இருக்குது? காம்பவுண்டுக்குள்ளதான?"

இதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. கேண்டீனிலிருந்து சீமாறு வாங்கி வந்தார்கள். சுவரோரமாகக் கூட்டத் தொடங்கினார்கள். மேற்குப் பக்கம் முடிந்ததும் அர்த்தனாரி கையை உயர்த்தி நிறுத்தினான்.

"போதும். கொஞ்சம்தான் கூட்டச் சொன்னாரு."

மேற்குப் பக்கத்துப் புழுதி முழுவதும் எழும்பி, ஏசி காற்று இழுக்கும் ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் படிந்துகொண்டது. அவர்கள் திரும்பி வந்தபோது, அதுவரை யாரும் கேட்டிராத ஓர் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. டொய்ங் என்று அடித்தது.

"ஒண்ணு கூடியிருக்குதுங்க்கா," என்றான் காளியண்ணன்.

"கூட்டுனா கூடத்தான தம்பி செய்யும்," என்றாள் ரத்தினாம்பாள்.

புதன்கிழமை டோமினிக் போன் செய்தார்.

"கூட்டியாச்சா?"

"கூட்டியாச்சுங்க சார். பளிச்சுனு இருக்குது," என்றான் அர்த்தனாரி.

"அலாரம்?"

"முன்னைக்கு இப்ப ஒண்ணு எச்சாத்தானுங்க இருக்குது."

டோமினிக் யோசித்தார். "அப்ப நுரைதான் காரணம். நுரை எழும்பும், தானா அடங்கும். அதுக்குள்ள அலாரம் அவசரப்பட்டு அடிச்சிடுது. அதுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க."

போனை வைத்துவிட்டு அர்த்தனாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மற்ற இருவரும் பார்த்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது," என்றான் காளியண்ணன் வருத்தத்தோடு.

"கேட்டா கொடுத்துத்தான் ஆகோணும். ஆனா முழுசாக் கொடுக்கக் கூடாது. கொஞ்சம்னுதான் சொன்னாரு," என்றான் அர்த்தனாரி.

"நேரத்துல கொஞ்சத்தை எப்படிங்ணா பிரிக்கறது?"

ரத்தினாம்பாள் கண்ணை மூடி யோசித்தாள். "மணி முள்ளைக் கழட்டி நாம வெச்சுக்கலாம். நிமிஷ முள்ளை மட்டும் அதுக்குக் கொடுத்துரலாம். நிமிஷம்னா கொஞ்ச நேரந்தான?"

அர்த்தனாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி தன் ஷிப்டில் இருக்கும்போது திப்பிக் களத்துக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றியது.

மணி முள்ளைக் கழற்றினார்கள். காளியண்ணன் ஏணியில் ஏறி, ஏழாம் தொட்டியின் மூடியைத் திறந்து, அலாரத்துக்கு நன்றாகத் தெரியும்படி கடிகாரத்தைச் சணல் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டான். ஆவியில் கயிறு நைந்தது. கடிகாரம் தொப்பென்று பாகில் விழுந்து மூழ்கியது.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"வாங்கிக்கிச்சு," என்றாள் ரத்தினாம்பாள்.

தொட்டியின் அடியில் பாகு வெளியேறும் குழாயின் வாய் இருந்தது. கடிகாரம் நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்து, மூடிபோல அடைத்துக்கொண்டது. இது நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. மேலே பாகு வந்து விழுந்துகொண்டே இருந்தது. கீழே போக வழியில்லை. ஏழாம் தொட்டி மிகப் பெரியது என்பதால் பொறுமையாக நிறைய ஆரம்பித்தது.

வியாழக்கிழமை அலாரம் விட்டுவிட்டு அடிப்பதை நிறுத்தி, ஒரே மூச்சாக அடித்தது. அதன் வாழ்நாளில் முதல் தடவையாக அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நேரம் கொடுத்தீங்களா?" என்று கேட்டார் டோமினிக்.

"கொடுத்தோமுங்க சார். முழுங்கிப்போட்டு இன்னும் சத்தமாக் கத்துது."

பக்கத்தில் யாரோ அவரை அவசரமாகக் கூப்பிடுவது போனில் கேட்டது. "எனக்கு இங்க தலைக்கு மேல வேலை இருக்கு. தொல்லை பண்ற அந்த ஒரு அலாரத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வைங்க. நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."

அர்த்தனாரி போனை மெதுவாக வைத்தான்.

"தள்ளி வெக்கச் சொல்லிட்டாரு," என்றான்.

"அடக் கெரகமே," என்றாள் ரத்தினாம்பாள். "அவ்வளவு தூரத்துக்குப் போயிருச்சா? சும்மா தள்ளி வெச்சுர முடியாது தம்பி. ஆளுக நாலு பேரு உக்காந்து விசாரிக்கோணும்."

"நாம மூணு பேருதான இருக்கறோம்?"

"அலாரத்தோட சேர்த்தா நாலு."

ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். துண்டுகளை அவிழ்த்து, அலாரப் பெட்டியை நேருக்கு நேர் வைத்துக்கொண்டார்கள். அர்த்தனாரி விசாரித்தான்.

"நீ இத்தனை நாளா வீணாக் கூச்சல் போட்டது உண்டா இல்லையா?"

கீங், என்றது அலாரம்.

"இனிமே ஒழுங்கா இருப்பியா?"

கீங்.

"எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுது," என்றான் அர்த்தனாரி.

"பேச்சு மாத்திப் பேசலீங்ணா," என்றான் இளகிய மனசுக்காரனான காளியண்ணன். "நாணயமானதாத்தான் தெரியுது. தள்ளி வெச்சா பாவம், அதுக்கு நம்மள விட்டா யாரு இருக்கறாங்க?"

"அப்ப என்ற கல்யாணம் என்னாகறது காளியண்ணா?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ரத்தினாம்பாள் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னாள். "இன்னையிலிருந்து ஏழாம் தொட்டி அலாரத்தோட யாரும் பேச்சுவார்த்தை வெச்சுக்கக் கூடாது. அது கூப்பிட்டா ஏன்னு கேக்கக் கூடாது. அதுக்கு ஒண்ணுன்னா யாரும் போகக் கூடாது."

மூன்று நாற்காலிகளையும் அலாரத்துக்கு முதுகைக் காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அர்த்தனாரி கஞ்சி போட்ட சட்டையில் வந்தான். ஒறம்பரை வரப்போகிறது, விருந்தாளிக்குக் குளிர வேண்டும் என்று ஏசியை ஆகக் குளிரில் வைத்தான். மத்தியானம் மாரப்பர் வந்தார். ஆலை வழக்கப்படி வாசலில் அவருடைய செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு ஜோடி பாதுகாப்பு பூட்ஸைக் கொடுத்து அனுப்பினார்கள். கையில் ஒரு பை. பைக்குள் வெற்றிலை பாக்கோடு தட்டு. மனசுக்குத் திருப்தியாக இருந்தால் அங்கேயே மாற்றிவிடுவது என்று வந்திருந்தார்.

உள்ளே நுழைந்ததும் அவருக்குச் சிலிர்த்தது. "தரகன் பொய் சொல்லலை. ஏசிதான்," என்றார். நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. பிறகு காதைச் சாய்த்தார்.

"என்னமோ அடிக்குதுங்களே மாப்பிள்ளை?"

"அதோட நாங்க பேசறதில்லீங்க மாமா."

"ஏனுங், சண்டையா?"

"தள்ளி வெச்சிருக்கறோம்."

மாரப்பர் புரிந்துகொண்டு தலையசைத்தார். "எங்க பங்காளி ஒருத்தனோட நாங்களும் பேச்சு வெச்சுக்கறதில்லை. நல்லது கெட்டதுக்குப் போறதில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது ரொம்ப நேரமாக் கூப்பிடுதுங்களே. என்ன விசயம்னு கேட்டுப்போடலாமே?" என்றார்.

"எங்களுக்குக் கட்டுப்பாடு இருக்குதுங்க," என்றாள் ரத்தினாம்பாள்.

"எனக்கு இல்லீங்களே அம்மிணி. நான் வெளியூரு. நான் போய்க் கேட்டுட்டு வரட்டுங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்ப்பில் வெளியூர்க்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் ஆகப்போகிறவர் முதல் நாளே சமாதானம் பேச முன்வந்தது அர்த்தனாரிக்குப் பெருமையாகவும் இருந்தது.

மாரப்பர் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, தொட்டிக் கூடத்துக்குப் போகும் கதவைத் திறந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பாகு நின்றுகொண்டிருந்தது. திறந்ததும், கூப்பிட்ட வீட்டுக்குள் வருவதுபோல மரியாதையாக, வெதுவெதுப்பாக உள்ளே வந்தது. கணுக்காலுக்கு மேல் ஏறியது. தரைக்கடியில் ஓடிய கம்பிகளுக்குள் இறங்கியது. திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கீங் நின்றது. டொய்ங்கும் நின்றது. கூரை வழியாக வந்த தனிக் கம்பியில் ஓடிய ஏசி மட்டும் நிற்கவில்லை.

அதே நேரத்தில் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜரும் டோமினிக்கும் ஓடிவந்தார்கள். வாசற்படி உயரமானது. இருவரும் அதைத் தாண்டிக் குதித்தார்கள்.

"அசையாதீங்க!" என்று கத்தினார் டோமினிக். யாராலும் அசைய முடியவில்லை. அவராலும் முடியவில்லை. ஏசியின் குளிரில் பாகு இறுகிக்கொண்டிருந்தது.

"அலாரம் அடிச்சப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார் டோமினிக்.

"பேசாம இருந்தோமுங்க சார். நீங்கதான தள்ளி வெக்கச் சொன்னீங்க," என்றான் அர்த்தனாரி.

டோமினிக் எதையோ சொல்ல வாயைத் திறந்து, எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

மேனேஜர் விரலை நீட்டினார். "நாளையிலிருந்து மூணு பேரும் திப்பிக் களம்!"

அர்த்தனாரிக்குத் தமயந்தி ஞாபகம் வந்தது. மாரப்பரின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஆனாலும் கேட்டான்.

"சார், வெள்ளிக்கிழமைக்குள்ள அலாரம் குறையணும்னுதானுங்க சொன்னீங்க. இப்ப எத்தனை அடிக்குதுங்க?"

எல்லோரும் காதுகொடுத்தார்கள். பாகு இறுகும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

"டோமினிக் சாரே சொல்லட்டும்," என்றான் காளியண்ணன்.

டோமினிக் நேர்மையானவர். "பூஜ்யம்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் எந்த ஆலையிலயும் பூஜ்யம் பாத்ததில்லை."

"வாக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களே சார்," என்றார் மாரப்பர். "இதுக்கு முன்னால ரெண்டு மாப்பிள்ளை பார்த்தேன். ஒருத்தனும் ஒரு வேலையில ஒட்டி நிக்கலை. இவரைப் பாருங்க. ஏசி ரூமுல இப்படியே இருப்பாருன்னா இந்த நிமிசமே தட்டு மாத்திக்கறேன்."

வெளியாள் முன்னால் சொன்ன சொல்லை மாற்றுவதற்கு மேனேஜருக்குக் கூச்சமாக இருந்தது. "சரிய்யா. இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் ஒரு அலாரம்கூட அடிக்கலேன்னா நீ இங்கயே இரு. போதுமா? இப்ப எல்லாரும் மொதல்ல வெளிய போகற வழியைப் பாருங்க."

வழியைப் பார்த்தார்கள். கால்கள் வரவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்துவிடலாமே என்றார் டோமினிக். ரத்தினாம்பாள் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். இந்த அறையில் எக்காரணம் கொண்டும் பாதுகாப்புக் காலணியைக் கழற்றக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுதியவர் மேனேஜர். அவர் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றைத் தேடிப் பார்த்தார். கயிறு பாகுக்கு அடியில் எங்கேயோ கல்லாகியிருந்தது.

எல்லோருடைய செல்போனும் ஆலை வாசலில் இருந்தது. டெலிபோனும் செத்திருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். காளியண்ணனின் தோளருகே சுவரில், தனி பேட்டரியில் ஓடும் சிவப்புப் பொத்தான். ஆபத்துக் காலத்தில் அமுக்கினால் ஆலை முழுக்கக் கேட்கும்.

"அப்பாடா," என்றார் மேனேஜர். "அமுக்குய்யா அதை."

காளியண்ணன் பொத்தானைப் பார்த்தான். அர்த்தனாரியைப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அமுக்குனா அலாரம் அடிக்குமுங்களே சார்."

"அதுக்குத்தான்டா அமுக்கச் சொல்றேன்!"

"பூஜ்யம் போயி ஒண்ணு ஆயிருமுங்க. அண்ணன் களத்துக்குப் போகோணும். நான் மாட்டேனுங்க."

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அமுக்கு."

"வாக்கை ரெண்டு தடவை மாத்தறவரை எப்படிங்க நம்பறது?" என்று மாரப்பர் குறுக்கிட்டார். "யாரும் எதையும் அமுக்க வேண்டாம். பொண்ணோட வாழ்க்கை. பொழுது சாயற வரைக்கும் நான் நிக்கறேன்."

பை ரத்தினாம்பாளுக்கு எட்டியது. தட்டை எடுத்து நீட்டினாள். மாரப்பர் வாங்கி மேனேஜரிடம் கொடுக்க, மேனேஜர் டோமினிக்கிடம் கொடுக்க, டோமினிக் எட்டி அர்த்தனாரியிடம் கொடுத்தார். அவன் தட்டோடு கும்பிட்டான். நிச்சயம் முடிந்தது.

அப்போது ஷிப்ட் மாறும் நேரம். வாசல் கதவு திறந்தது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். அறைக்குள் ஆறு பேர் ஆளுக்கொரு இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது.

"வாங்கய்யா, எங்களை மொதல்ல வெளிய இழுங்கய்யா!" என்று கத்தினார் மேனேஜர்.

வந்தவர்களில் பெரியவர் சென்னிமலை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"ஏதாச்சும் ஆபத்துங்களா சார்?"

"பார்த்தா தெரியலையா?"

"அலாரம் ஒண்ணையும் காணமுங்களே."

"ஒண்ணுகூட இல்லீங்ணா," என்றான் அர்த்தனாரி பெருமையாக.

சென்னிமலை திருப்தியோடு தலையாட்டினார். "அப்பச் சரி. நாங்க போயி டீ சாப்பிட்டுட்டு இருக்கறோமுங்க சார். அலாரம் அடிக்கட்டும், அடுத்த நிமிசம் ஓடியாந்தர்றோம்," என்று சொல்லி, ஏசி வீணாகாமல் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.